கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில்!

வீட்டில் சில பொருள்கள் தினமும் உழைக்கும். மிக்ஸி, கிரைண்டர், குக்கர் மாதிரி. அவை மக்கர் செய்தால் அன்றைக்குச் சட்னி இல்லை, அவ்வளவுதான். வேறு சில பொருள்கள் வருஷக்கணக்கில் சும்மாவே கிடக்கும். காரின் ஸ்டெப்னி டயர், ஆபீஸ் மாடிப்படியில் தொங்கும் சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர், லிஃப்ட்டுக்குள் இருக்கும் அவசர மணி. இவை வேலை செய்தே ஆகவேண்டிய நாள் என்று ஒன்று வரும். அன்றைக்குக் காலை வாரிவிட்டால், அதுவரை பளபளவென்று இருந்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

இந்த இரண்டாவது ரகத்தில் முதலிடம் கைத்துப்பாக்கிக்கு. அதை முப்பது வருஷம் இடுப்பில் சுமந்துவிட்டு, எவரையும் நோக்கி ஒருமுறைகூடச் சுடாமல் ஓய்வு பெறும் காவல் அதிகாரிகள்தான் அதிகம். அப்படியே ஒருநாள் தேவைப்பட்டால், அந்த ஒரு விநாடியில் அது வெடிக்கவேண்டும். அதே சமயம் மீதி முப்பது வருஷமும், கீழே விழுந்தாலும் இடிபட்டாலும், வெடிக்கவே கூடாது.

அப்படியானால் நல்ல கைத்துப்பாக்கியை எப்படித் தேர்ந்தெடுப்பது? துப்பாக்கிப் பிரியர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கம்பெனியின் பெயரைச் சொல்லிச் சண்டை போடுவார்கள். லட்சக்கணக்கில் வாங்கவேண்டிய ராணுவங்கள் அப்படிப் பெயரை நம்பி வாங்க முடியாது. அவை முதலில் ஒரு கேள்வித்தாள் தயாரிக்கும். பிறகு பரீட்சை வைக்கும். அமெரிக்காவிலும் ஆஸ்திரியாவிலும் நடந்த நான்கு பரீட்சைகளைப் பார்த்தால், துப்பாக்கிக்கு மட்டுமல்ல, எந்தப் பொருளுக்குமே பொருந்துகிற ஒரு விஷயம் விளங்கும். பொருள் நாம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேட்க மறந்த கேள்விக்கான பதில் பின்னால் வரும், விலையோடு.

உள்ளே என்ன நடக்கிறது?

முதலில் ஒரு சின்ன அறிமுகம். கைத்துப்பாக்கியில் இரண்டு வகை. ரிவால்வரில் தோட்டாக்கள் ஓர் உருளைக்குள் வட்டமாக இருக்கும், பெரும்பாலும் ஆறு. விரலால் விசையை இழுக்கும் பலத்திலேயே உருளை சுற்றி அடுத்த தோட்டா முன்னால் வரும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்துவிடும்.

பிஸ்டலின் கதை வேறு. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் மேகஸினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒருமுறை சுட்டதும், வெடிப்பின் எதிர்விசையே மேல்பகுதியைப் பின்னால் தள்ளும். இந்த மேல்பகுதிக்குப் பெயர் ஸ்லைடு. பின்னால் போகும்போது அது காலித் தோட்டாவை உருவி வெளியே எறியும், உள்ளே ஒரு ஸ்பிரிங்கை அமுக்கும். ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னால் தள்ளும்போது, மேகஸினிலிருந்து ஒரு புதுத் தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய்க் குழலுக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தும். இவ்வளவும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள்.

இந்தச் சங்கிலியில் எங்கே தடங்கினாலும் துப்பாக்கி நின்றுபோகும். ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். மேகஸினின் வாய்த் தகடு வளைந்திருக்கலாம். தோட்டா நசுங்கியிருக்கலாம். எண்ணெய் காய்ந்திருக்கலாம், அல்லது அதிக எண்ணெயில் தூசி ஒட்டிக் களிம்பாகியிருக்கலாம். பிஸ்டல் அடைத்துக்கொள்ளும்போது தவறு பெரும்பாலும் துப்பாக்கியின் பெரிய பாகங்களில் இருக்காது. மேகஸின், தோட்டா, பராமரிப்பு, இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

இங்கே இரண்டு குணங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். நீடித்து உழைப்பது ஒன்று. நம்பகமாக இருப்பது இன்னொன்று. இருபது வருஷம் ஓடும் ஸ்கூட்டர், மழைநாள் காலையில் மட்டும் பத்து உதை உதைத்தால்தான் கிளம்பும் என்றால், அது உழைக்கிற வண்டிதான். நம்பகமான வண்டி அல்ல. துப்பாக்கிக்கு இரண்டும் வேண்டும்.

முதல் பரீட்சை: 6,000 தோட்டாக்கள்

20-ம் நூற்றாண்டின் தொடக்கம். பிலிப்பைன்ஸில் போரிட்ட அமெரிக்க வீரர்கள், கையிலிருந்த .38 ரிவால்வரின் குண்டு பட்டும் எதிரி நிற்காமல் பாய்ந்து வருவதாகப் புகார் சொன்னார்கள். 1904-ல் சோதனைகள் செய்து பார்த்து, இனி வாங்கும் கைத்துப்பாக்கியின் குண்டு .45 அங்குல விட்டத்துக்குக் குறையக்கூடாது என்று ராணுவம் முடிவுசெய்தது. 1906-ல் கம்பெனிகளுக்கு அழைப்பு போனது.

பல கம்பெனிகள் வந்தன. ஜெர்மனியிலிருந்து புகழ்பெற்ற லூகர்கூட வந்தது. கடைசிவரை தாக்குப்பிடித்தவை இரண்டு, கோல்ட் கம்பெனியும் சாவேஜ் கம்பெனியும். கோல்ட் பிஸ்டலை வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங். யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊரில் துப்பாக்கி செய்பவரின் மகனாகப் பிறந்து, தந்தையின் பட்டறையிலேயே தொழில் படித்தவர்.

ராணுவம் அவசரப்படவில்லை. இரண்டு கம்பெனிகளின் பிஸ்டல்களையும் படைப்பிரிவுகளிடம் கொடுத்துப் பயன்படுத்தச் சொன்னது. குதிரைப்படையினர், ‘ஒரு கையில் கடிவாளம் இருக்கும்போது மறு கையாலேயே துப்பாக்கியைப் பூட்ட முடியவேண்டும்’ என்றார்கள். கட்டை விரலால் தள்ளிப் பூட்டும் வசதி வந்தது அப்படித்தான். 1910 நவம்பரில் பெரிய பரீட்சை நடந்தது. இரண்டுமே முழுதாகத் தேறவில்லை. ‘குறைகளைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பினார்கள்.

1911 மார்ச்சில் மறுபரீட்சை. ஒவ்வொரு பிஸ்டலும் 6,000 தோட்டாக்கள் சுடவேண்டும். 100 சுட்டதும் ஐந்து நிமிஷம் ஆறவிடலாம். 1,000 சுட்டதும் துடைத்து எண்ணெய் போடலாம். வேறு சலுகை கிடையாது. அதற்குப் பிறகும் விடவில்லை. வேண்டுமென்றே சிதைத்த தோட்டாக்களைப் போட்டுச் சுட்டார்கள். அமிலத்தில் நனைத்துத் துருப்பிடிக்கவைத்துச் சுட்டார்கள். மணலிலும் சேற்றிலும் முக்கி எடுத்துச் சுட்டார்கள்.

சாவேஜ் பிஸ்டல் 37 முறை தடங்கியது. கோல்ட் ஒருமுறைகூட இல்லை.

மார்ச் 29 அன்று ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. ‘எம்1911’ என்று பெயர். இரண்டு உலகப்போர், கொரியா, வியட்நாம் என்று 1985 வரை, எழுபது வருஷத்துக்கும் மேலாக அதுதான் அமெரிக்கப் படைகளின் முதன்மைக் கைத்துப்பாக்கி.

அதன் இன்னொரு குணம் இரண்டாம் உலகப்போரில் தெரிந்தது. தேவை பெருகியபோது துப்பாக்கிக்கே சம்பந்தமில்லாத கம்பெனிகளும் அதைத் தயாரித்தன. நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்களில் ‘ஏஎஸ்டிஎஃப்’ அடித்தவர்களுக்கு ரெமிங்டன் ராண்ட் என்ற பெயர் தெரிந்திருக்கும். அந்தப் போரில் இந்தப் பிஸ்டலை மிக அதிகமாகச் செய்தது அந்த டைப்ரைட்டர் கம்பெனிதான். ரயில்வே சிக்னல் செய்யும் கம்பெனி ஒன்றும் செய்தது. தையல் மெஷினுக்குப் பேர்போன சிங்கரும் 500 பிஸ்டல் செய்து கொடுத்தது. ஒரு கம்பெனியின் பாகத்தை எடுத்து இன்னொரு கம்பெனியின் பிஸ்டலில் மாட்டலாம் என்பதுதான் நோக்கம். போர்க்களத்தில் உடைந்த பாகத்துக்கு மாற்றுப் பாகம் கிடைக்காத துப்பாக்கி, எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இரும்புத் துண்டுதான்.

பிரௌனிங் 1926-ல் பெல்ஜியத்தில் வேலை மேஜையிலிருந்தபடியே இறந்துபோனார். அவர் தொடங்கிவைத்த கடைசிப் பிஸ்டலை மற்றொரு வடிவமைப்பாளர் முடித்து 1935-ல் வெளியிட்டார். அந்த ‘ஹை-பவர்’ வடிவத்தைத்தான் மேற்கு வங்கத்தின் ஈசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை நம் ராணுவத்துக்குத் தயாரித்துக் கொடுத்தது.

இரண்டாம் பரீட்சை: திரைச்சீலைக் கம்பி செய்தவர்

1980-ல் ஆஸ்திரிய ராணுவம் தன் பழைய வால்தர் பிஸ்டல்களை மாற்ற நினைத்தது. அதற்கு அவர்கள் எழுதிய 17 நிபந்தனைகள், வாங்குகிறவன் எப்படிக் கேள்வி கேட்கவேண்டும் என்பதற்கு ஒரு பாடம். சிலவற்றை மட்டும் பாருங்கள்.

மேகஸினில் தோட்டா நிரப்ப எந்தக் கருவியும் தேவைப்படக்கூடாது. சுத்தம் செய்யக் கழற்றிப் பூட்டவும் கருவி கூடாது. மொத்தப் பாகங்கள் 58-ஐத் தாண்டக்கூடாது. எந்தத் துப்பாக்கியின் பாகத்தையும் எந்தத் துப்பாக்கியிலும் ராவாமல், தட்டாமல் அப்படியே பொருத்த முடியவேண்டும். 2 மீட்டர் உயரத்திலிருந்து எஃகுத் தகட்டின் மேல் விழுந்தாலும் வெடிக்கக்கூடாது. முதல் 10,000 தோட்டாக்களில் 20 முறைக்கு மேல் தடங்கக்கூடாது. 15,000 சுட்ட பிறகு தேய்மானம் பார்க்கப்படும். அதன் பிறகு, வழக்கத்தைவிட மிக அதிக அழுத்தம் தரும் தோட்டாவையும் அது தாங்கவேண்டும்.

கவனித்தீர்களா? ‘தரமானதாக இருக்கவேண்டும்’, ‘உறுதியானதாக இருக்கவேண்டும்’ போன்ற வழவழா வார்த்தை எதுவும் இல்லை. எல்லாமே எண்ணிப் பார்க்கவோ அளந்து பார்க்கவோ முடிகிற விஷயங்கள்.

போட்டியில் பெரிய பெரிய பெயர்கள் இருந்தன. ஜெயித்தவர் காஸ்டன் கிளாக். அப்போது ஐம்பது வயதைத் தாண்டியவர். வியன்னாவுக்கு அருகே ஒரு பட்டறையில் திரைச்சீலை மாட்டும் கம்பி, ராணுவத்துக்குக் கத்தி என்று செய்துகொண்டிருந்தார். அதுவரை ஒரு துப்பாக்கிகூடச் செய்ததில்லை. ஆனால் பிளாஸ்டிக்கை வார்க்கும் தொழில் அவருக்கு அத்துப்படி. விவரம் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வேலையில் இறங்கினார். மாதிரிப் பிஸ்டல்களை இடது கையால்தான் சுட்டுப்பார்ப்பார் என்று ஒரு கதை உண்டு. வெடித்துச் சிதறினாலும் படம் வரைய வலது கை மிஞ்சவேண்டுமே!

அவர் செய்த பிஸ்டலின் அடிப்பகுதி எஃகு அல்ல, பாலிமர். துருப்பிடிக்காது, எடையும் குறைவு. 58 பாகங்கள்வரை இருக்கலாம் என்று ராணுவம் சொன்னதற்கு, அவர் சுமார் 34 பாகங்களில் முடித்துவிட்டார். பாகம் குறையக் குறைய, உடையக்கூடியதும் குறையும், தொலையக்கூடியதும் குறையும், பயிற்சி இல்லாதவர் தலைகீழாக மாட்டிவிடக்கூடியதும் குறையும். 1982-ல் ஆஸ்திரியா அதைத் தேர்ந்தெடுத்தது. இன்று உலகம் முழுவதும் போலீஸ்காரர்களின் இடுப்பில் அதிகம் காணப்படும் பிஸ்டல்களில் ஒன்று, கிளாக்.

ஆனால் இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. எளிமைக்காகக் கிளாக்கில் கட்டைவிரல் பூட்டு வைக்கப்படவில்லை. பாதுகாப்பு அமைப்பு விசையிலேயே இருந்தது. விசையில் விரலை வைத்து அழுத்தாதவரை வெடிக்காது. அழுத்தினால், வேறு தடை இல்லை. 1980-களின் கடைசியில் வாஷிங்டன் நகரப் போலீஸ் இந்தப் பிஸ்டலுக்கு மாறியது. அதே காலத்தில் புதிதாக ஏராளமானவர்கள் அவசரமாக வேலைக்குச் சேர்க்கப்பட்டார்கள். பயிற்சி போதவில்லை. அடுத்த பத்து வருஷத்தில் கைதவறிச் சுட்ட சம்பவங்கள் நூற்றுக்கும் மேல் என்பதை 1998-ல் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் வெளிக்கொண்டுவந்தது. துப்பாக்கி செய்யவேண்டியதைத்தான் செய்தது. விரல்தான் பழகவில்லை.

மூன்றாம் பரீட்சை: தேறிய பிறகு விரிசல்

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். 1970-களின் இறுதியில் அங்கே ஒரு கணக்கெடுப்பு நடந்தது. எம்1911 முதன்மைத் துப்பாக்கி என்றாலும், படைகளிடம் 25 வகைக் கைத்துப்பாக்கிகளும் நூற்றுக்கு மேற்பட்ட வகைத் தோட்டாக்களும் புழங்கிக்கொண்டிருந்தன. இதை ஒழுங்குபடுத்தவும், நேட்டோ நாடுகளின் பொதுத் தோட்டாவான 9 மில்லிமீட்டருக்கு மாறவும் போட்டி வைத்தார்கள். 1984-ல் நடந்த சோதனையில் இத்தாலியின் பெரெட்டா, சிக் சாயர் நிறுவனத்தின் பி226 இரண்டும் தேறின. விலைக் கணக்கில் பெரெட்டா முந்தியது. 1985-ல் ‘எம்9’ என்ற பெயரில், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிஸ்டல்களுக்கு ஆர்டர் போனது.

1987-ல் கடற்படைச் சிறப்புப் பிரிவில் ஒரு விபத்து. சுட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்லைடு இரண்டாக உடைந்து, பின்பாதி சுட்டவரின் முகத்தில் பாய்ந்தது. அடுத்த சில மாதங்களில் இதேபோல இன்னும் நடந்தது. ராணுவச் சோதனைக்கூடத்தில் தொடர்ந்து சுட்டுப்பார்த்தபோது அங்கேயும் ஸ்லைடுகள் உடைந்தன. 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது.

‘உலோகத்தில் குறை’ என்றது ஒரு தரப்பு. ‘அளவுக்கு மீறிய அழுத்தமுள்ள தோட்டாக்களைச் சுட்டதால்தான்’ என்றது மறுதரப்பு. அந்தச் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். தீர்வாகச் செய்த காரியம்தான் முக்கியம். சுத்தியலைத் தாங்கும் ஆணியின் தலையைச் சற்றுப் பெரிதாக்கி, ஸ்லைடில் அது பொருந்த ஒரு பள்ளம் வைத்தார்கள். இனி ஸ்லைடு உடைந்தாலும் அந்த ஆணித்தலையில் மாட்டி நின்றுவிடும். முகத்துக்கு வராது. குக்கரில் வெயிட் அடைத்துக்கொண்டால் சேஃப்டி வால்வு திறப்பதைப் போல. ஒரு பொருள் உடையவே உடையாது என்று எவராலும் சொல்ல முடியாது. உடைந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று யோசித்துச் செய்ய முடியும். ‘எத்தனை முறை சுடும்?’ என்ற கேள்வியை எல்லோரும் கேட்டார்கள். ‘உடைகிற அன்று எப்படி உடையும்?’ என்ற கேள்வி, அடிபட்ட பிறகுதான் வந்தது.

மறுபடியும் ஒரு போட்டி வைத்தார்கள். அதிலும் பெரெட்டாவே ஜெயித்தது.

2003-ல் ஈராக். பாலைவன மணலில் எம்9 அடைத்துக்கொள்கிறது என்று வீரர்கள் குறைப்பட்டார்கள். பிரச்னை பிஸ்டலில் இல்லை, மேகஸினில் இருந்தது. ராணுவமே எழுதிக்கொடுத்த விதிப்படி, வேறொரு நிறுவனத்திடம் வாங்கிய மேகஸின்கள் அவை. துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய சொரசொரப்பான பூச்சில் பொடி மணல் ஒட்டிக்கொண்டது. உள்ளே தோட்டாக்கள் மேலே ஏறவில்லை. பிறகு வழவழப்பான பூச்சோடு புதிய மேகஸின் வந்தது. துருவைப் பற்றி யோசித்தவர்கள் மணலைப் பற்றி யோசிக்கவில்லை. ஆயிரக்கணக்கில் விலைபோகும் துப்பாக்கியைப் படுக்கவைத்தது ஒரு தகரப்பெட்டியும் அதன்மேல் பூசிய பூச்சும்.

நான்காம் பரீட்சை: கீழே விழுந்தால்?

2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் எம்9-க்குப் பதிலாகப் புதுப் பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது. சிக் சாயர் நிறுவனத்தின் பி320 என்ற மாடலிலிருந்து உருவானது அது. ‘எம்17’ என்று பெயர். ஒப்பந்த மதிப்பு 58 கோடி டாலர்வரை.

ஒப்பந்தத்துக்குப் பிறகு நடந்த சோதனைகளில், கீழே விழும்போது அது தானாக வெடிக்கக்கூடும் என்று ராணுவம் கண்டுபிடித்தது. விசையின் பாகங்களை இலேசாக்கிச் சரிசெய்யவைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பொதுமக்களுக்கு விற்கப்பட்ட பி320 பிஸ்டலும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில், பின்பக்கம் முதலில் தரையில் மோதும்படி விழுந்தால் வெடிப்பதைத் தனியார் சோதனைகள் வீடியோவோடு காட்டின. நிறுவனம் இலவசமாகப் பாகங்களை மாற்றிக் கொடுக்க முன்வந்தது.

காரணம் நமக்கெல்லாம் பழக்கமான ஒன்றுதான். பஸ் டிரைவர் சடன் பிரேக் போட்டால், பஸ் நின்றுவிடும். நின்றுகொண்டு பயணம் செய்பவர் நிற்கமாட்டார், முன்னால் சரிவார். பிஸ்டல் பின்பக்கமாகத் தரையில் மோதி நின்றதும், கனமான விசை மட்டும் தான் போய்க்கொண்டிருந்த திசையிலேயே போனது. அதாவது, யாரோ விரலால் இழுத்ததைப் போலப் பின்னால் போனது.

இதில் யோசிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தரச் சான்றிதழ் இல்லாத பிஸ்டல் அல்ல அது. துப்பாக்கித் தொழில்துறை வகுத்த விழுதல் சோதனைகளில் தேறியதுதான். அந்தச் சோதனைகளில் எந்தெந்த நிலையில் துப்பாக்கியைப் போடவேண்டும் என்று எழுதியிருந்ததோ, அந்த நிலைகளில் அது வெடிக்கவில்லை. வெடித்த கோணம் பட்டியலில் இல்லை. கையிலிருந்து நழுவும் துப்பாக்கிக்குப் பட்டியல் தெரியுமா என்ன?

நான்கு பரீட்சைகளின் கணக்கு

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், நம்பகமான கைத்துப்பாக்கிக்கான அடையாளம் கம்பெனி முத்திரையில் இல்லை என்பது தெளிவாகும். ஐந்து கேள்விகளுக்கு அது என்ன பதில் சொல்கிறது என்பதில் இருக்கிறது.

ஒன்று, ஆயிரக்கணக்கில் சுட்ட பிறகும் தடங்காமல் இருக்கிறதா? நாலு மேகஸின் சுட்டுப்பார்த்துவிட்டு ‘சூப்பர்’ என்பதற்கு மதிப்பே இல்லை.

இரண்டு, மணல், சேறு, துரு, வெயில் என்று அது உண்மையில் புழங்கப்போகும் இடத்தில் சோதிக்கப்பட்டதா? குளிர்நாட்டுத் தொழிற்சாலையில் தேறியது பாலைவனத்தில் தேறும் என்று எழுதிக்கொடுக்க முடியாது.

மூன்று, மேகஸினும் தோட்டாவும் ஸ்பிரிங்கும் தரமாகவும், தொடர்ந்தும் கிடைக்குமா? இவை தேயும் பொருள்கள். செருப்புக்கு வார் போல, மாற்றிக்கொண்டே இருக்கவேண்டியவை.

நான்கு, உடைந்தால் எப்படி உடையும்?

ஐந்து, விரல் வைக்காதபோது, எப்படி விழுந்தாலும் சும்மா இருக்குமா?

இந்த ஐந்திலும் தேறிய துப்பாக்கியை வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. வருஷக்கணக்கில் உறைக்குள் கிடந்து, வியர்வையும் தூசியும் ஏறி, எண்ணெய் காய்ந்துபோன துப்பாக்கி, 1911-ல் 6,000 தோட்டா சுட்ட துப்பாக்கியின் பேத்தியாக இருந்தாலும் கைவிடும். அன்றைக்கும் 1,000 சுட்டதும் துடைத்து எண்ணெய் போட்டார்கள் என்பதை மறக்கக்கூடாது. நம்பகம் கடையில் பாதி கிடைக்கும். மீதிப் பாதி, வைத்திருப்பவரின் கையில்.

நம்மில் பெரும்பாலானவர்களுக்குத் துப்பாக்கி வாங்கும் யோசனையே வராது, வரவேண்டிய அவசியமும் இல்லை. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இங்கே கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் உள்ள ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டன. தேர்தல் வந்தால் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். உரிமத்தோடு வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கவேண்டும். நம்பகமான துப்பாக்கி என்றால், விசையை இழுத்ததும் தவறாமல் வெடிப்பது. இழுப்பது உரிமம் வாங்கியவரின் விரலா, பீரோவைத் திறந்து பார்த்த எட்டு வயதுப் பிள்ளையின் விரலா என்று அதற்குத் தெரியாது. எவ்வளவுக்கு எவ்வளவு நல்ல துப்பாக்கியோ, அவ்வளவுக்கு அவ்வளவு நல்ல பூட்டும் வேண்டும். தோட்டா ஓரிடம், துப்பாக்கி வேறிடம், சாவி மூன்றாவது இடம்.

துப்பாக்கி வாங்காத மற்றவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது. ஹெல்மெட், கேஸ் ரெகுலேட்டர், வீட்டு மின்சாரப் பெட்டியில் இருக்கும் ஷாக் தடுப்பு ஸ்விட்ச் என்று, ஒரே ஒருநாள் கட்டாயம் வேலை செய்தாகவேண்டிய பொருள் எதை வாங்கினாலும், கடைக்காரரிடம் ‘இது நல்ல கம்பெனியா?’ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அதற்கு எல்லோரும் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வார்கள். ‘இதை எப்படிச் சோதித்தார்கள்? கடைசியாக நான் எப்போது சோதிக்கவேண்டும்? இது கெட்டுப்போனால் எனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேளுங்கள். ஷாக் தடுப்பு ஸ்விட்ச்சில் சோதனைப் பொத்தான் என்று ஒன்று சின்னதாக இருக்கும். அதை இதுவரை ஒருமுறையாவது அமுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால், இதைப் படித்து முடித்ததும் போய் அமுக்கிப் பாருங்கள். கரண்ட் போனால், அது உங்களைக் காப்பாற்றும் நிலையில் இருக்கிறது. போகாவிட்டால், நாளைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.